கதவு சாத்திய பின் வீட்டு நேரம்

போன மாதம் மெல்பர்ன் விமானத்துக்காக சிட்னி உள்நாட்டு முனையத்தில் காத்திருந்தேன். எதிர் வரிசையில் ஒரு ரக்பி அணி வந்து உட்கார்ந்தது. ஏதோ புறநகர் கிளப்பாக இருக்கும். ஜாக்கெட்டுகள் மட்டும் ஒரே நிறம், பைகள் ஆளுக்கொரு தினுசு. அவர்களில் கழுத்தே இல்லாத ஒருவர் கால்சட்டையைச் சுருட்டிவிட்டுத் தொடையில் தைலம் தேய்க்க ஆரம்பித்தார். பக்கத்தில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த பெண்மணி எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். நான் போகவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

தைலம் மணந்தால் கடிகாரத்தைப் பார்ப்பது என் பழைய வியாதி. மணி தெரிந்துகொள்வதற்காகப் பார்ப்பதில்லை. முள் எந்த ஊர் நேரத்தில் நிற்கிறது என்று பார்ப்பேன்.

நான் மெல்பர்னில் ஒரு வட்டாரப் பத்திரிகையில் செய்தியாளராக இருந்தேன். பத்திரிகை மூடப்பட்டதும் சவுத் பே என்ற ரக்பி கிளப்பில் ஊடகப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. ரக்பி பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், பந்தை முன்னால் எறியக் கூடாது என்பதுதான். அதற்குக் காரணம் கேட்டு நேர்முகத் தேர்விலேயே சிரிப்பை வாங்கிக்கொண்டேன். திருச்சியில் பிறந்த பெண்ணுக்கு அவர்கள் எதற்கு வேலை கொடுத்தார்கள் என்று இன்றுவரை புரியவில்லை. தவறில்லாமல், சீக்கிரமாக எழுதுவேன். அது போதும் என்று நினைத்திருக்கலாம்.

அந்தக் காலத்தில் எங்கள் போட்டி கடல்களைத் தாண்டி நடந்தது. ஒரு வாரம் நியூசிலாந்து, ஒரு வாரம் சொந்த மைதானம், பிறகு தென்னாப்பிரிக்காவில் இரண்டு வாரம். வெளியில் இருப்பவர்கள் இதை உல்லாசம் என்று நினைப்பார்கள். நான் பார்த்தது வேறு. ஆறரை அடி ஆட்கள் விமான இருக்கையில் கத்தரிக்கோல் மாதிரி மடங்கிக் கிடப்பார்கள். இறங்கும்போது கணுக்கால் வீங்கி ஷூ ஏறாது. வந்து இரண்டு நாள் பந்து கையில் நிற்காது. முதல் ஆட்டத்தில் பெரும்பாலும் தோற்போம். பயிற்சியாளர் அதற்கு, கும்பலாகக் குனிந்து தோளால் முட்டித் தள்ளும் ஸ்க்ரம் காரணம் என்பார். மனோ அண்ணா தூக்கம் என்பார்.

மனோ அண்ணாதான் அணியின் மேலாளர். பெற்றோர் யாழ்ப்பாணம், வளர்ந்தது கண்டி. பள்ளி நாளில் அங்கேயே ரக்பி ஆடி மூக்கை உடைத்துக்கொண்டவர். மெல்பர்ன் புறநகரான கிரான்பர்னில் வீடு. பாஸ்போர்ட், அறைச் சாவி, பஸ், சோறு, தையல் பிரிந்த காது என எல்லாம் அவர் பொறுப்பு. மைதானத்தில் ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளும் ஆட்கள், பயணத்தில் அவர் சொல்லாமல் குளிக்கக்கூட மாட்டார்கள். நான் கூப்பிடுவதைக் கேட்டு எல்லோரும் அவரை 'அண்ணா' என்றார்கள். பாதிப் பேர் அதுதான் அவர் பெயர் என்று நம்பினார்கள்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. விமானத்தின் கதவு சாத்தப்பட்டதும் இருக்கையிலிருந்து எழுந்து கையைத் தூக்குவார். உடனே எல்லோரும் கடிகாரத்தைப் போகிற ஊர் நேரத்துக்குத் திருப்ப வேண்டும். அதன் பிறகு வீட்டில் என்ன மணி என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் பஸ்ஸில் முன்னால் நின்று பாட வேண்டும்.

"கதவு சாத்தினாச் சரி பிள்ளை, வீட்டு நேரம் செத்துப் போச்சு," என்றார் என் முதல் பயணத்தில். "அங்க இப்ப சாமம், இங்க இப்ப பகல் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தா உடம்பு ரெண்டிடத்திலயும் இராது."

"வீட்டுக்கு போன் பண்ணணும்னா அண்ணா?"

"அதுக்குத்தானே நான் இருக்கிறன்."

மூன்றாம் நாளே நான் மாட்டிக்கொண்டேன். ஏதோ ஞாபகத்தில், "இப்ப மெல்பர்ன்ல மணி என்ன?" என்று வாய்விட்டேன். பஸ் முழுக்க ஊளை. பள்ளிக்கூடப் பிரார்த்தனைப் பாட்டில் பாதிதான் ஞாபகம் வந்தது. அந்தப் பாதியையே இரண்டு தடவை பாடினேன்.

"உங்கட ஊரில உதுக்குப் பேர் பாட்டோ?" என்றார் மனோ அண்ணா. ஆட்டக்காரர்களில் ஜோனே மட்டும் கைதட்டினான்.

எங்கள் ஆட்கள் வீடுகளில் இரண்டு கடிகாரம் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சிட்னி நார்த்மீடில் இப்போதைய என் வீட்டுச் சமையலறையிலும் அப்படித்தான், ஒன்று இந்த ஊர், ஒன்று அந்த ஊர். வெளிநாட்டில் வாழ்கிற தமிழருக்குக் கழித்தல் கணக்கு தானாக வந்துவிடும். மனோ அண்ணாவுக்கு அந்தக் கணக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். இருபது வருஷம் அதை மறக்கப் பழகி, அணியையும் மறக்கப் பழக்கியிருந்தார்.

ஜோனே எங்கள் விங்கர், ஓரத்தில் ஓடுகிறவன். ஃபிஜிக்காரன், சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவன். அப்பாவோடும் அக்காவோடும் மனோ அண்ணா வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளிக் குடியிருந்தான். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் அப்பாவைக் கூப்பிடுவான். அவர் தொலைபேசியிலேயே ஜெபம் பண்ணுவார். இவன் எங்கிருந்தாலும் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். ஜெபம் முடிந்ததும் அவர் இவன் தலைமுடியைப் பற்றி ஏதாவது கிண்டல் சொல்வார் போலும், சிரித்துக்கொண்டுதான் வருவான்.

அந்த முறை நாங்கள் டர்பனில் இருந்தோம். ஆட்டம் சனிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெல்பர்னில் ஜோனேயின் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. புறப்படும்போதே அவர் மகனிடம் சொல்லியனுப்பியிருந்தார்: இத்தனை வருஷம் நான் உனக்கு ஜெபம் பண்ணினேன், உள்ளே போகும் முன் இந்த முறை நீ எனக்குப் பண்ண வேண்டும். ஜோனேக்கு சபையில் பேசிப் பழக்கமில்லை. சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியைப் பிடித்தபடி உதட்டை அசைத்து ஒத்திகை பார்ப்பான். யாரும் கேலி செய்யவில்லை.

ஆட்டம் நெருங்கும் நாட்களில், இரவுச் சாப்பாட்டோடு மனோ அண்ணா எல்லோருடைய போனையும் அணைத்து வாங்கிவிடுவார். காலைச் சாப்பாட்டில் திருப்பித் தருவார். தூக்கத்துக்காக. அந்த வியாழக்கிழமையும் வாங்கினார். ஜோனேயின் தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: வெள்ளிக்கிழமை எட்டுக்கு சிகிச்சை, நீ ஏழரைக்குக் கூப்பிடு, போனை நானே கொண்டுவந்து தருவேன்.

"ஓம் அண்ணா," என்றான் ஜோனே. யாழ்ப்பாணத்து ஆமாமான அந்த 'ஓம்'தான் அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்.

அறையில் முப்பது பேர் இருந்தோம். எல்லோர் கடிகாரமும் டர்பன் நேரத்தில் இருந்தது. வெள்ளிக்கிழமை எட்டு என்றால் அங்கே வேறு எட்டு இல்லை.

காலையில் வானம் தெளிவாக இருந்தது. சாப்பாட்டு அறையின் கண்ணாடிக்கு வெளியே கடல். முட்டையும் தைலமும் கலந்த அந்த வாசனை. மனோ அண்ணா சொன்னபடி போனைக் கொண்டுவந்தார். ஜோனே பால்கனிக்குப் போய்த் தொப்பியைக் கழற்றினான். எதிர்முனையில் போன் எடுக்கப்பட்டது என்று தெரிந்ததும், யார் என்று கேட்காமலே, கண்ணை மூடி ஆரம்பித்துவிட்டான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அவன் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. நீண்ட ஜெபம். நன்றாகவே ஒத்திகை பார்த்திருந்தான்.

முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தான். கேட்டான். பிறகு நாற்காலி ஏதும் இல்லாத இடத்தில் உட்காரப் போய், தரையில் உட்கார்ந்தான்.

போனை எடுத்தது அக்கா. அப்பா சிகிச்சையிலிருந்து மீளவில்லை. தம்பி ஜெபத்தை முடிக்கும்வரை அவள் குறுக்கிடவில்லை.

என் பக்கத்தில் நின்ற மனோ அண்ணா கடிகாரத்தைப் பார்த்தார். அவர் விரல் கட்டைவிரலைத் தொட்டுத் தொட்டு எண்ணியது.

"பிள்ளை," என்றார். "அங்க இப்ப பின்னேரம்."

அவர் வாயால் வீட்டு நேரத்தை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

விவரம் பிறகு வந்தது. அப்பா போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். தள்ளுவண்டி வந்ததும் மகளிடம் கொடுத்துவிட்டு, அவன் மறக்கிறவன் இல்லை, ஏதோ வேலையாக இருப்பான் என்றாராம். அவள் ஜோனேயைக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். அப்போது டர்பனில் வியாழக்கிழமை இரவு; போன் அணைக்கப்பட்டு மனோ அண்ணாவின் பையில் இருந்தது.

அன்று ஜோனேக்கு விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. அறையில் தனியாக இருக்க முடியாது என்று சொல்லி சனிக்கிழமை ஆடினான். ஒரு தடவை கோட்டைத் தாண்டிப் பந்தை வைத்தான். ஓடி வந்தவர்கள் அவனைக் கட்டிப்பிடிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்கள். என் அறிக்கையில் அந்த ட்ரை பற்றி ஒரு வரி எழுதினேன். நல்ல வரிதான்.

"என்ர பிழை," என்று மனோ அண்ணா அவனிடம் சொன்னது எனக்குத் தெரியும். ஜோனே தலையாட்டினான். இல்லை என்றா, ஆமாம் என்றா, அதைப் பக்கத்தில் நின்ற என்னால் சொல்ல முடியவில்லை.

ஊருக்குத் திரும்பும் விமானத்தில் கதவு சாத்தினார்கள். எல்லோரும் மனோ அண்ணாவைப் பார்த்தோம். அவர் எழவில்லை. கடிகாரத்தில் கைவைத்தபடி முப்பது பேர் காத்திருந்தோம். பின் வரிசையிலிருந்து ஜோனேயின் குரல் வந்தது. ஆங்கிலத்தில், மெதுவாக, எல்லோருக்கும் கேட்கும்படி: "அண்ணா, வீட்டில் இப்போது என்ன மணி?"

மனோ அண்ணா திரும்பிப் பார்க்காமல் மணியைச் சொன்னார். பாடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊளையிடவும் இல்லை.

அடுத்த பருவத்தில் ஜோனே பிரான்ஸ் பக்கம் போய்விட்டான். நானும் சிட்னிக்கு வந்தேன். தென்னாப்பிரிக்கக் கிளப்புகள் ஐரோப்பியப் போட்டிகளுக்கு மாறின. கண்டத்திலிருந்து கண்டத்துக்கு மடங்கிக் கிடந்து போகும் அந்த நீண்ட பயணம் இப்போது இங்கத்திய அணிகளுக்கு இல்லை. சவுத் பே கிளப்பும் இல்லை. அதன் மைதானத்தில் வார இறுதிகளில் குழந்தைகள் பட்டம் விடுகிறார்கள்.

போன மாதம் அந்த விமானத்தில் போனது மனோ அண்ணாவைப் பார்க்கத்தான். ஒரு முதியோர் இல்லத்தில் பணிநேரம் ஒதுக்கும் வேலை பார்த்துவிட்டு, இப்போது அதையும் விட்டுவிட்டார். அவர் மனைவி ராணி அக்கா சமையலறையிலிருந்து தேத்தண்ணியோடு வந்தார்.

"உவர் இப்ப கடிகாரம் கட்டுறேல்லை, பிள்ளை. வீட்டில இருந்ததையும் கழட்டிப்போட்டார். நான் அவிக்கிறதுக்கு போனைத்தான் பாக்கிறன்."

"நீ என்னத்துக்கு நேரம் பாத்தாலும் அவியாதது அவியாது," என்றார் மனோ அண்ணா. பழைய சிரிப்பு கொஞ்சம் வந்து போனது. வெயில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே, ஜோனே இருந்த வீடுவரை போகும் அந்த நாலு தெருவும் புதுக் கூரைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன.

"நேரம் என்ன, பிள்ளை?"

"அஞ்சாகப் போகுது அண்ணா."

தேத்தண்ணிக் கோப்பையை மடியில் இறக்கி வைத்துவிட்டு என் மணிக்கட்டையே பார்த்தார்.

"எங்கத்தைய நேரம்?"

ஊளையிட, பாடச் சொல்ல, அந்த பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் அங்கே இல்லை.