நடுவழியில் நின்ற கேஜ்

"…அப்போ மிஷினுக்கு எம்மேல கோவம் ஒண்ணும் இல்ல. தின்னது செரிக்காம கெடந்திருக்குது, அவ்ளோதான்," என்றார் வைண்டிங் டிரைவர்.

சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் ஷாஃப்டின் வாயில் இரண்டாவது ஷிஃப்டுக்கு இறங்க வந்த ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். அவர் பேசியது அவர்களுடைய மேஸ்திரியிடம். மேஸ்திரி தன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இருவருக்கும் நடுவில் கிரீஸ் கையோடு நின்றேன். அடுத்து டிரைவர் என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் சும்மா சொன்னால் அது விளங்காது. முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் தங்கச் சுரங்கத்தில் ஃபிட்டர். படித்து வந்த வேலை இல்லை, கழற்றிக் கழற்றி மாட்டிக் கற்றுக்கொண்டது. அப்பா வேலைக் கணக்கை முடித்துக்கொண்டு அம்மாவோடு குடியாத்தம் பக்கம் போய்விட்டார். ஆண்டர்சன்பேட்டையில் ஒற்றை அறையில் நான் மட்டும். எனக்கு ஒரு வியாதி உண்டு. டீக்கடையில், ஆளிறக்கும் கேஜுக்கு நிற்கிற வரிசையில், சந்தையில் யாராவது வாய்க்கு ருசியாக ஒன்று சொல்லிவிட்டால் அதை அப்படியே மனசில் முடிந்து வைத்துக்கொள்வேன். சாயங்காலம் அறைக்கு வந்து முடிச்சை அவிழ்த்தால் கேட்க ஆள் இல்லை. ஸ்டவ்விடம் சொல்வேன். அது "உஸ்" என்று மட்டும் சொல்லும்.

வைண்டிங் டிரைவர் என்னைவிடத் தனி ஆள். வேலையே அப்படி. ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜின் கம்பிக் கயிறு, இன்ஜின் ரூமில் ஒரு வீட்டுப் பருமனுள்ள டிரம்மில் சுற்றிக்கொள்ளும். டிரைவர் அதற்கு எதிரே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேஜ் அவர் கண்ணுக்குத் தெரியாது, அதில் இருக்கிற ஆளும் தெரியாது. மணி அடிக்கும், அதைக் கேட்டு ஓட்ட வேண்டும். அவரோடு யாரும் பேசக்கூடாது என்று சுவரில் பெரிய எழுத்தில் போர்டு. எத்தனையோ வருஷமாக அத்தனை பேர் உயிரையும் தூக்கி இறக்கியவருக்கு அவர்களில் பாதிப் பேர் முகம் தெரியாது. ஆனால், "கீழ் லெவல்ல மணி அடிக்கிறது யாருன்னு அடிக்கிற தினுசுலயே சொல்லிடுவேன்பா. ஒருத்தன் அவசரக்காரன். ஒருத்தன் தூங்கிக்கினே அடிப்பான்," என்பார். அவருக்கு வாய்த்த சிநேகிதம் அவ்வளவுதான்.

அந்த வருஷம் ஆயுத பூஜை முடிந்த வாரத்திலிருந்து கேஜ் நடுவழியில் நிற்க ஆரம்பித்தது.

டிரைவர் கைதவறி வேகமாக ஓட்டிவிட்டால் மிஷினே தன்னை நிறுத்திக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டு. அதற்குக் கவர்னர் என்று பேர். இரண்டு இரும்புக் குண்டுகள் கிறுகிறுவென்று சுழலும். வேகம் கூடக் கூடக் குண்டுகள் விரியும். அளவு மீறினால் ஒரு நெம்புகோலைத் தட்டிவிடும். கரண்ட் போய் பிரேக் விழும். டிரம்முடைய அச்சின் முனையில் ஒரு சின்னச் சக்கரம், அதிலிருந்து உருண்டைத் தோல் பெல்ட் ஒன்று ஓடி வந்து கவர்னரைச் சுற்ற வைக்கும். நல்லதுக்கு வைத்ததுதான். ஆனால் கேஜில் இருப்பவனுக்கு அது நல்லதாகத் தெரியாது. திடீரென்று நிற்கும், கயிறு ரப்பர் மாதிரி மேலும் கீழும் ஆட்டும், காலுக்கடியில் இருட்டுக் குழி. பக்கத்து ஆளின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

முதல் தடவை சிரித்தார்கள். "இன்னா அண்ணே, ஏரோப்ளேன் ஓட்டுறீங்களா?" என்று இன்ஜின் ரூம் ஜன்னல் பக்கம் கத்திவிட்டுப் போனார்கள். இரண்டாவது தடவை, "பொண்டாட்டி கோவமா அண்ணே, சீக்கிரம் வூட்டுக்குப் போவணுமா?" அதற்கப்புறமும் நின்றது. கத்துவதை விட்டுவிட்டார்கள். "கிண்டல் பண்ணிக்கினு இருந்தாங்க. இப்ப அதுவும் போச்சு," என்றார் டிரைவர் என்னிடம்.

மற்ற இரண்டு டிரைவர்கள் ஓட்டும்போது நிற்கவில்லை. இவர் ஓட்டும்போது மட்டும்தான். அங்கேதான் பேச்சு வேறு பக்கம் திரும்பியது.

இவர் குடும்பம் தாத்தா காலத்திலேயே புத்தரை வணங்க ஆரம்பித்த குடும்பம். பூஜையன்று இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் மற்றவர்கள் செய்வார்கள். இவர் வெளியே மரத்தடியில் நிற்பார். முடிந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்து, மாலை போட்ட இன்ஜினை முதல் ஓட்டம் ஓட்டிக் காட்டுவார். இவருக்கென்று பொரியும் கடலையும் தனியே பொட்டலம் கட்டி வைப்பார்கள். யாருக்கும் அதில் குறை இருந்ததில்லை. இந்த வருஷம் குறை வந்துவிட்டது. "பூஜையில நிக்கலை, மிஷினுக்குக் கோவம்," என்று முதலில் யார் சொன்னார்களோ. மேஸ்திரி சொன்னபோது அது முடிந்த விஷயமாகிவிட்டது. சனிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்போம், அதற்கப்புறம் தன் ஆட்கள் இந்த டிரைவர் கையில் இறங்க மாட்டார்கள் என்று இன்ஜினியரிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

இன்ஜினியர் நல்ல மனுஷர். என்னைக் கூப்பிட்டு, "அவர் வேகமா ஓட்டுறார்னு நான் சொல்லல. ஆனா ஆளுங்க இறங்கலைன்னா நான் இன்னா பண்ண? சனிக்கிழமைக்குள்ள கோளாறைக் கண்டுபிடி. இல்லன்னா அவரை ஏரிப் பக்கத்து பம்ப் ஹவுஸுக்கு மாத்தறதைத் தவிர வழியில்ல," என்றார்.

டிரைவரிடம் சொன்னேன். சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "இங்கயாவது மணி அடிக்கிறாங்க. அங்க அதுக்கும் ஆளில்லை," என்றார்.

நான் கவர்னரைப் பிரித்தேன். குண்டு, ஊசி, ஸ்பிரிங் எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி எண்ணெய் விட்டு மாட்டினேன். மறுநாள் இவர் ஷிஃப்டில் கேஜ் நின்றது. ஸ்பிரிங்கை மாற்றினேன். நின்றது. கவர்னரை அப்படியே கழற்றி ஒர்க்ஷாப்புக்குத் தூக்கிப்போய் லேத்தில் கட்டிச் சுற்றினால், எந்த வேகத்தில் தட்ட வேண்டுமோ சரியாக அங்கே தட்டுகிறது. நல்ல பிள்ளை. கொண்டுவந்து மாட்டினால் பழைய குணம்.

அந்த நாட்களில் ஷிஃப்ட் முழுக்க அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ பேச்சை மனசில் முடிந்து வைத்திருக்கிறவன், கேட்கக்கூடிய ஒரே ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார், பேச முடியாது. மோட்டார் இரைச்சல், மணி, மறுபடி இரைச்சல். வேகம் காட்டுகிற முள், அவர் ஓட்டும்போது, முழு வேகத்துக்குப் போட்ட கோட்டுக்கு நேராக நிற்கும். கோட்டுக்கு மேலே போனதை நான் பார்க்கவே இல்லை. அப்போதும் கவர்னர் தட்டிவிடும். தட்டியதும் அவர் பிரேக்கைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் சுவரைப் பார்ப்பேன்.

காலை டிரைவர் ஓட்டும்போதும் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தேன். அவர் முள் கோட்டுக்குக் கீழேயே நின்றது. அவர் ஷிஃப்ட் முடிந்ததும் கேட்டேன். "எனக்கு மூணு பொண்ணுப்பா. எதுக்கு வம்பு? கொஞ்சம் அடக்கியே ஓட்டுறேன்," என்றார். மூன்றாவது ஷிஃப்ட்காரரும் அப்படித்தானாம். இவர்களுக்கு ஏன் நிற்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

நம்மவரிடம் போய், "அண்ணே, நீங்களும் கொஞ்சம் அடக்கி ஓட்டுங்களேன், நான் கண்டுபிடிக்கிற வரைக்கும்," என்றேன்.

"அடக்குனா, இத்தினி நாளு வேகமாத்தான் ஓட்டிக்கினு இருந்தேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்பா. பம்ப் ஹவுஸுக்கே போறேன்."

நடந்ததையெல்லாம் இன்ஜினியரிடம் சொன்னேன். அவர் கையில் பிடித்து அளக்கும் வேகமானி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "முள்ளு ஒண்ணு சொல்லுது, கவர்னர் ஒண்ணு சொல்லுது. ஒண்ணு பொய். பிரிக்கிறதை நிறுத்திட்டு அள."

சனிக்கிழமை மத்தியானம், காலை ஆட்கள் மேலே வந்த பிறகு, இரண்டாவது ஷிஃப்ட் இறங்குவதற்கு முன்னால், நம்மவரைக் காலிக் கேஜை ஓட்டச் சொன்னேன். வேகமானியை டிரம் அச்சில் வைத்து அழுத்தினேன். முள் சொன்னது நிஜம். பிறகு கவர்னரின் தண்டில் வைத்தேன். அது சுழல வேண்டியதைவிட அதிகமாகச் சுழன்றது. கவர்னர் பொய் சொல்லவில்லை, அதற்குக் கிடைத்த சேதியே தப்பு. டிரம்முக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு பெல்ட்டும் சக்கரங்களும்தான்.

மிஷினை நிறுத்தி, அச்சு முனையில் இருந்த மூடியைக் கழற்றினேன். சின்னச் சக்கரத்தில் பெல்ட் உட்காரும் பள்ளம், விரல் புதையும் ஆழம் இருக்க வேண்டியது, பாதிதான் இருந்தது. அடியில் கறுப்பாக, வழவழவென்று, இரும்பு மாதிரியே ஏதோ ஒன்று. சந்தேகத்தோடு ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன். உரிந்து வந்தது. உரிக்க உரிக்க நார். வாழைநார். கிரீஸில் ஊறி, பெல்ட் மிதித்து மிதித்து இறுகிப்போன வாழைநார். உள்ளே போகப் போகச் சாமந்தி இதழ். கடைசி சுற்றில் குங்குமம் சிவப்பாகவே இருந்தது.

மாலையை வருஷா வருஷம் பக்கத்துத் தூணில்தான் மாட்டுவார்கள். இந்தத் தடவை பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று மேஸ்திரி அச்சின் முனையிலேயே போட்டிருக்கிறார். முதல் ஓட்டத்தில் பெல்ட் அதை மூடியின் இடுக்கு வழியாக உள்ளே இழுத்துக்கொண்டது. மாலை எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். பள்ளம் தூர்ந்து சக்கரம் பெருத்துவிட்டது. பெருத்த சக்கரம் பெல்ட்டைக் கூடுதலாக ஓட்டும், கவர்னரும் கூடுதலாகச் சுழலும். டிரம் நியாயமாக ஓடும்போதே அது "வேகம், வேகம்" என்று அலறியிருக்கிறது.

சுத்தம் செய்து மூடியை மாட்டினேன். டிரைவர் காலிக் கேஜை, முள்ளைக் கோட்டில் நிறுத்தி, அடி வரைக்கும் விட்டு மேலே கொண்டுவந்தார். கவர்னர் சத்தமே போடவில்லை. இன்னொரு தடவை ஓட்டினார். அப்போதும் இல்லை. எனக்குக் கூத்தாட வேண்டும் போல இருந்தது. "நான் போய் எல்லாருக்கும் காட்டிட்டு வர்றேன் அண்ணே," என்று நார்க் கட்டியை எடுத்தேன்.

"குடு இப்படி. நானே வர்றேன்."

வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்த காலை டிரைவர் மிஷினைப் பார்த்துக்கொண்டார். இவர் ஷாஃப்ட் வாய்க்கு வந்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருத்தர், "யாருப்பா இவரு?" என்று பக்கத்து ஆளைக் கேட்டது என் காதில் விழுந்தது.

"மேஸ்திரி, இது உங்களுதான்னு பாருங்க," என்று கட்டியை அவர் கையில் வைத்தார். மேஸ்திரி திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார். நான் எங்கே கிடைத்தது என்று சொன்னேன். அப்போதுதான் டிரைவர், மிஷினுக்குத் தன்மேல் கோவம் இல்லை, தின்னது செரிக்கவில்லை என்று சொன்னார்.

கூட்டத்தில் ஒருத்தர், "மேஸ்திரி, மாலையைப் போட்ட மகராசன் நீதானே!" என்றார். "டிரைவரை மாத்தறதுக்கு முன்ன மேஸ்திரியை மாத்துங்கப்பா!" என்றது இன்னொரு குரல். கூட்டமே சிரித்தது. எத்தனை நாளாக அந்த இடத்தில் சிரிப்பு இல்லை என்று அப்போதுதான் எனக்கே உறைத்தது. மேஸ்திரி முகம் சுண்டிப்போய், "அண்ணே… மனசுல வெச்சுக்காதீங்க. வாங்க, ஒரு டீ சாப்பிட்டுப் போலாம்," என்றார்.

டிரைவர் சிரிக்கவில்லை. கோபமாகவும் இல்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார், நிதானமாக, விட்டதையெல்லாம் சேர்த்துப் பார்ப்பவர் போல. டீக்குப் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கேஜுக்கு நேரே போய், அதன் கம்பிக் கதவைத் தன் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏறு என்று சொல்லவில்லை. மேஸ்திரி முதலில் தலையைக் குனிந்து ஏறினார். பின்னால் ஒவ்வொருத்தராக எல்லோரும் ஏறினார்கள். கடைசி ஆள் உள்ளே போனதும் கதவை இறக்கி, கொக்கி சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். பிறகு தனியாக நடந்து இன்ஜின் ரூமுக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஆள் இறக்கும் மணி அடித்தது, மேலே கயிற்றுச் சக்கரம் திரும்பியது, அடக்காமல் முழு வேகத்தில் இறக்கினார்.