முப்பத்தொன்றாகிப் போன தாணுலிங்கம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பல்மீது அடுக்கிய கண்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இறுக்கிக் கட்டுவது தாணுலிங்கத்தின் தொழில். இருபது வருடமாக அவர் கட்டியது எதுவும் நடுக்கடலில் அவிழ்ந்ததாகத் தகவல் இல்லை. அப்பேர்ப்பட்டவரைத்தான் கான்ட்ராக்டர் வைத்த மருத்துவ முகாம் 'முப்பத்தொன்று' என்று அறிவித்தது. எண்பத்தெட்டு கிலோ எடையை, மீட்டரில் அளந்த அவருடைய உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் வருகிற எண். பெயர் பிஎம்ஐ. முப்பதைத் தொட்டால் உடல் பருமன். பருமன் ஆட்கள் கப்பல் ஏறக்கூடாது. மறுபரிசோதனை வரைக்கும் துறைமுக கேட் அருகே உட்கார்ந்து ஹெல்மெட் எடுத்துக்கொடுக்கும் பணி.

போகிறவன் வருகிறவனெல்லாம், "அண்ணாச்சி, பாத்து உக்காருங்க, நாற்காலி பாவம்" என்றான். கேலியை அவர் பொறுத்துக்கொண்டார். மேலே ஏறாதவனுக்கு மேல்கூலி கிடையாது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

வீட்டில் மனைவி பேச்சி அவசர நிலை பிரகடனம் செய்தாள். சோறு பாதியானது. சீனி அடியோடு ஒழிந்தது. பசிக்கிறது என்று அவர் முனகும்போதெல்லாம் கருப்பட்டிக் காப்பி வந்தது. கடித்துக்கொள்ளக் கருப்பட்டித் துண்டும் வந்தது. உடன்குடியில் அவள் அண்ணன் கருப்பட்டி வியாபாரி, சரக்குக்குப் பஞ்சமில்லை.

மறுபரிசோதனையில் ஒரு கிலோ கூடியிருந்தது. தாணுலிங்கத்துக்கு முகம் செத்துப்போயிற்று.

டாக்டர் ஜெபசுதா, நாசரேத்துக்காரர், எண்ணைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், தோளை அழுத்திப் பார்த்தார். டேப்பை எடுத்து இடுப்பை அளந்தார். எண்பத்தாறு சென்டிமீட்டர், தொண்ணூறுக்குள் இருந்தால் நல்லது என்றார். ரத்த அழுத்தமும் சரி.

"அண்ணாச்சி, இந்த எண்ணுக்கு எடை மட்டுந்தான் தெரியும். அது கொழுப்பா, கம்பி இழுத்து வச்ச சதையான்னு தெரியாது. ஊர்ல நூறு பேரைக் கணக்குப் பாக்க ஒதவும். ஒத்த ஆளைப் பாக்க இது மட்டும் பத்தாது. நீங்க கப்பல் ஏறலாம்."

தாணுலிங்கம் எழுந்தேவிட்டார்.

"இருங்க. ரத்தத்துல சர்க்கரை எல்லைக்கு வந்திருக்கு. இனிப்பு என்ன சாப்பிடுதீங்க?"

"இனிப்பா? சீனியக் கண்ணாலயே காட்டலம்மா" என்றாள் கூடவே வந்திருந்த பேச்சி. "வெறும் கருப்பட்டிதான்."

"அதுவும் சர்க்கரைதாம்மா."

"அது எங்கனம்மா சர்க்கரையாவும்? மருந்துல்லா அது."

டாக்டர் சீட்டில் 'தகுதி' என்று கையெழுத்திட்டார்; அதன் கீழேயே 'கருப்பட்டி கூடாது' என்றும் எழுதினார். மறுநாளே தாணுலிங்கம் கப்பல் ஏறினார். வீட்டில் இப்போது இருவருக்கும் கருப்பட்டியும் இல்லாத வெறுங்காப்பி. இந்தச் செய்தியை உடன்குடியில் யார் போய்ச் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.