பின் பிரேக் எங்கே போனது?

தொண்ணூறுகளின் நடுவில் கேரள எல்லையோர அம்பூரி மலைவீடுகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் நர்ஸாக இருந்தேன். பஸ் போகாத பாதைகள் என்பதால் கியர் சைக்கிள் வாங்கினேன். இறக்கத்தில் உடலைப் பின்னுக்குத் தள்ளி, பின் பிரேக்கை முதலில் பிடிக்க வேண்டும் என்பதையெல்லாம் விழுந்து எழுந்துதான் கற்றேன்.

ஒருநாள் காலை ரப்பர் தோட்டத்துச் செம்மண் இறக்கத்தில் பின் பிரேக்கைப் பிடித்தேன். கைப்பிடி தொளதொளவென்று வந்தது. வேகம் கூடவே, பயந்து முன் பிரேக்கை அழுத்திவிட்டேன். சைக்கிள் குப்புறக் கவிழ்ந்து என்னை அன்னாசிச் செடிகளுக்குள் வீசியது. தலைக்குப் பக்கத்திலேயே பாறை.

இரத்தக் கீறல்களோடு வீட்டுக்கு வந்தேன். கணவரின் தம்பி சிரித்தான்.

"மைனிக்கு பேலன்ஸ் இல்ல. அதாக்கும் விழுந்தது."

"எலே, பின் பிரேக் கம்பி எங்க?"

சிரிப்பு நின்றது. "எனக்க சைக்கிள்ல அறுந்து போச்சு. நேத்து இத எடுத்து மாட்டினேன்."

"சொல்லதுக்கு வாயில்லியா? சாவதுக்கு நானாக்கும் கெடச்சேன்?"

"போட்டும், விடு. அறியாம செய்தான்," என்றார் கணவர். அதுதான் எனக்கு இன்னும் எரிந்தது. தெரிந்தேதானே கழற்றினான்!

அன்றிலிருந்து இன்றுவரை ஏறுமுன் சைக்கிளை உருட்டி, இரண்டு பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பார்க்கிறேன். சைக்கிளை வைத்துப் பூட்டும் அறையின் சாவி என் தாலிச் சங்கிலியில் கிடக்கிறது. கணவர் கேட்டாலும் கொடுப்பதில்லை.