வெள்ளி வீரன் வழிவிடவில்லை

இதை வெளியே சொல்லக் கூடாது என்று இரண்டு பேர் என்னிடம் சொன்னார்கள். ஒருவர் கெஞ்சினார். ஒருவர் மிரட்டினார். அவர்களுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். நடந்ததை நடந்தபடி சொல்வேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. அந்த மேடையில் நின்றவள் நான். அந்தக் கை பட்டது என் நெஞ்சில்.

என் பெயர் வினோலியா. 2005-இல் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் கிறிஸ்தவ சபைப் பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்தேன். தை மாதம் எங்கள் கோயிலில், ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை நடக்கும். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஒரு பாட்டு நாடகம் போடலாம் என்று எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். நானே எழுதினேன். பழைய காலத்து ஐரோப்பியக் கதை மாதிரி. எலினா என்ற இளவரசியை அவள் அப்பா கோபுரத்தில் அடைத்துவிடுகிறான். வாளைத் தொட்டுச் சத்தியம் செய்த ஆல்வின் என்ற வீரன், காடு மலை தாண்டி அவளை மீட்க வருகிறான். முழுக்கப் பாட்டு. இன்பராஜ் அண்ணன் ஆர்மோனியம்.

மேடை, சபைக்குச் சொந்தமான ஒரு பழைய குடோன். முன்பு தீப்பெட்டிக் கம்பெனியாக இருந்தது. உள்ளே ஒரு பக்கம் செங்கல் அடுக்கி, மேலே பலகை அடித்து மேடையாக்கியிருந்தார்கள். பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்குச் சந்து.

ஒத்திகை தொடங்கிய முதல் வாரமே ஆண்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கேட்டால் வேலை என்றார்கள். கடைசியில் ஒரு பையன் உண்மையைச் சொல்லிவிட்டான். பீடியும் கையுமாக மேடையின் இடது மூலைக்குப் போனால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிறார்களாம்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சிரிக்காமல் இருந்தவள் ஜெயக்கொடி. பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். எலினா வேஷம் அவளுக்கு. எங்கள் ஊரில் அவள் குரலுக்கு ஈடு கிடையாது.

"ஆம்பளைக பயந்தா போகட்டும் டீச்சர். நாம வாளெடுப்போம்" என்றாள்.

அப்படித்தான் பெண்களே வீரர்கள் ஆனோம். நான் ஆல்வின். சிவகாசியில் அச்சகம் வைத்திருந்த இஸ்மாயில் பாய் மிச்ச அட்டைகளை அள்ளிக் கொடுத்தார். அதில் கவசம் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டினோம். சபைக் கமிட்டி செயலாளர் சாலமன்ராஜ் வீட்டுக்கே வந்தார். பொம்பளைகள் கால்சட்டை மாட்டி வாள் வீசுவது பண்டிகைக்கு அழகில்லை என்றார். வேதத்தில் யாகேல் என்ற பெண் எதிரிப் படைத்தலைவனைக் கொன்றாளே, அது மட்டும் அழகா என்று கேட்டேன். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஒத்திகை தொடர்ந்தது.

சத்தியப் பாட்டில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடுவோம். பெண் குரல்கள் மட்டும்தான். ஆனால் அடியில் இன்னொரு குரல் ஓடியது. தாழ்ந்த குரல்... ஆண் குரல். இன்பராஜ் அண்ணன் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு, "யாரு கூடப் பாடுறது?" என்றார். நான் மறுபடி முதலிலிருந்து பாடச் சொன்னேன்.

இன்னொரு நாள் திரையில் ஒரு கை அச்சு. வெள்ளி நிறம். எங்கள் கவசத்துத் தாளின் நிறம் கையில் ஒட்டாது. அச்சு என் கையைவிடப் பெரியது. சோப்புப் போட்டுத் துவைத்தேன். போகவில்லை. சரி, இருந்துவிட்டுப் போ என்று அந்தத் திரையையே மாட்டினேன்.

நாடகத்தன்று குடோன் நிரம்பி வாசல் வரைக்கும் கூட்டம். ஏழாயிரம்பண்ணையிலிருந்துகூட வேன் பிடித்து வந்திருந்தார்கள். ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். எல்லாம் நன்றாகத்தான் போனது.

கோபுரக் காட்சி வந்தது. இருட்டில் ஆல்வின் பந்தம் ஏந்தி வர வேண்டும். மேடையின் இடது மூலையில்தான் கோபுரம். பெஞ்சு மேல் பெஞ்சு போட்டுச் சாக்கு கட்டியது. அதன் மேலே ஜெயக்கொடி. பந்தம் என்றால் நிஜப் பந்தம் இல்லை. சிவப்புத் தாளுக்குள் ஒரு பல்பு.

சரியாக அப்போது கரண்ட் போனது.

கூட்டம் கூச்சல் போட்டது. சாலமன்ராஜ் திரைக்குப் பின்னால் ஓடி வந்து, இதோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இத்தனை நாள் பட்ட பாடு இதற்கா? ஒரு கட்டையில் பழந்துணியைச் சுற்றினேன். பெட்ரோமாக்ஸ் விளக்குக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயில் நனைத்தேன். பற்றவைத்தேன்.

மேடையில் ஏறினேன்.

கூட்டம் அடங்கியது. ஆர்மோனியம் தொடங்கியது. பந்தத்திலிருந்து மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக, தீயோடு விழுந்துகொண்டிருந்தது.

பாடிக்கொண்டே கோபுரத்தை நோக்கி நடந்தேன்.

மூலையில் ஒரு வீரன் நின்றான்.

எங்கள் பெண்களில் யாரோ இடம் மாறி நிற்கிறாள் என்றுதான் நினைத்தேன். கோபம் வந்தது. இன்னும் கிட்டே போனேன்.

அவன் மேல் அட்டை இல்லை. தலைக்கவசம் இல்லை. கையில் வாள் இல்லை. ஆனால் உச்சி முதல் பாதம் வரை வெள்ளி. தலைமுடி வெள்ளி. உதடு வெள்ளி. சாயங்காலம் பட்டாசுக் கம்பெனி வேனிலிருந்து இறங்குகிறவர்கள் மேல் அலுமினியப் பவுடர் அப்பியிருக்குமே... அப்படி.

கண் மட்டும் கறுப்பு.

அவன் கையை நீட்டினான். நில் என்பது போல.

பயந்துதான் போனேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலைப் பின்னால் வைக்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே ஆயுதம் பாட்டு. ஆல்வின் பாடும் வரியை அவன் முகத்துக்கு நேராகப் பாடினேன்.

"விலகு வீரனே, வழி என்னுடையது..."

அவன் விலகவில்லை.

உதடு அசைந்தது. சத்தம் வாயிலிருந்து வரவில்லை. என் காலுக்குக் கீழிருந்து... பலகைக்கு அடியிலிருந்து வந்தது.

"தீயோட வராதீக."

ஓர் அடி வைத்தேன்.

நெஞ்சில் கை. அட்டைக் கவசத்தைத் தாண்டிச் சுட்டது.

இன்னோர் அடி.

பந்தம் அணைந்தது.

காற்று இல்லை. யாரும் ஊதவில்லை. விரலால் திரியை நசுக்கினால் ஒரு சத்தம் வருமே...

ஸ்ஸ்.

அவ்வளவுதான்.

இருட்டு. ஆர்மோனியம் நின்றது. வெடி மருந்து வாடை மூக்கில் ஏறியது. எனக்கு முன்னால் யாரோ மூச்சு விடுகிறார்கள். கருகிய மூச்சு.

நான் பாட்டை நிறுத்தவில்லை. பந்தம் போனால் போகட்டும், தொண்டை என்னுடையது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அடுத்த வரியைப் பாடினேன். குரல் உடைந்தது. மறுபடி எடுத்தேன். கோபுரத்திலிருந்து ஜெயக்கொடி பதில் பாடினாள். மற்ற பெண்கள் சேர்ந்தார்கள். கூட்டம் கை தட்டித் தாளம் போட்டது.

அந்த ஆண் குரலும் சேர்ந்தது. கடைசி வரி வரை எங்களோடு பாடியது.

கரண்ட் வந்தபோது மூலை காலியாக இருந்தது.

கூட்டத்தில் யாரும் அவனைப் பார்க்கவில்லை. நான் கோபுரத்துக்கு முன்னால் நின்று அழகாக நடித்தேன் என்றார்கள். ஜெயக்கொடிக்கும் அவன் தெரியவில்லை. ஆனால் கோபுரத்துக்குக் கீழே ஓர் ஆண் பாடியதைக் கேட்டிருக்கிறாள். எல்லோரும் போன பிறகு இருவரும் டார்ச் அடித்துப் பார்த்தோம். மூலைப் பலகையில் இரண்டு பாத அச்சுகள். வெறுங்கால். வெள்ளி. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை.

ஜெயக்கொடி குனிந்து தொட்டு முகர்ந்தாள். அவள் முகம் மாறியது.

"டீச்சர், யாரையும் தீப்பெட்டி உரச விடாதீக. செருப்பக் கழத்துங்க."

பாதம் பதிந்த பலகையில் ஆணி இல்லை. மெதுவாகத் தூக்கினோம். கீழே மூட்டைகள். கலந்த பட்டாசு மருந்து. ஒரு மூட்டை வாய் பிரிந்து கிடந்தது. இன்னும் இரண்டடி நடந்திருந்தால், என் பந்தத்திலிருந்து தீ அதன் மேல் சொட்டியிருக்கும். குடோன் முழுக்கச் சனம்...

ஜெயக்கொடி போய்ச் சாலமன்ராஜைக் கூட்டி வந்தாள். நடந்ததைக் கேட்டதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். பண்டிகை கெட்டுவிடும், மூட்டைகளை மட்டும் சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிடலாம், பேயைப் பற்றி மூச்சு விட வேண்டாம் என்றார். முடியாது என்றேன். நானும் ஜெயக்கொடியும் குடோன் பக்கமே யாரையும் விடாமல் வாசலில் உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் அசனப் பந்தியில், எல்லோர் முன்னாலும், மூட்டையையும் சொன்னேன், அவனையும் சொன்னேன். போலீஸ் வந்தது. மருந்தைக் கண்மாய்க்குள் கொண்டுபோய் அழித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து காளிராஜ் என்ற பட்டாசுக் கம்பெனி போர்மேன் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். திருட்டுத்தனமாக மருந்தைப் பதுக்கியவன் அவன்தான். தன் பெயர் வெளியே வந்தால் என்னை இந்த ஊரில் இருக்க விடமாட்டேன் என்று மிரட்டினான். அவ்வளவு பேர் வந்து போகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தாயே என்று கத்தினேன்.

அவன் குரல் இறங்கியது.

"நான் அங்கன வைக்கலம்மா. கண்ணுச்சாமிகிட்ட எங்கனயாச்சும் மறைச்சு வைன்னு குடுத்தேன். இடத்தச் சொல்றதுக்குள்ள அவன் போயிட்டான். அந்த எடம் அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும்."

கண்ணுச்சாமி, காளிராஜுக்குக் கீழே வேலை பார்த்து, புரட்டாசியில் நடந்த வெடி விபத்தில் செத்தவன். நாங்கள் ஒத்திகையே தொடங்காத நேரம்.

காளிராஜ் பெயரைப் போலீசில் சொன்னேன். ஊரைவிட்டும் போகவில்லை. அடுத்த வருஷம் அதே மேடையில், அதே பெண்களோடு, அதே நாடகத்தைப் போட்டேன். பல்புப் பந்தத்தோடு. எந்த ஆண் குரலும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகுதான் அச்சங்குளத்தில் இருந்த கண்ணுச்சாமியின் மனைவி சோலையம்மாளைத் தேடிப் போனேன். நான் பார்த்ததைச் சொன்னேன். அவள் அழவில்லை. முடி என்ன நிறம் என்று மட்டும் கேட்டாள். வெள்ளி என்றேன்.

பிறகு சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில தொடக் கூடாதுன்னுட்டாக டீச்சர். தண்ணி பட்டா தோலு கையோட வந்துரும்னாக. அவரக் குளிப்பாட்டவே இல்ல. அந்த வெள்ளியோடதான் பொதச்சோம்."