ஜானுவின் சனிக்கிழமை வகுப்பு

ஜானு தி.நகரில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திர டீச்சராக இருந்தவள். பத்தாம் வகுப்புக்குப் போர்களையும் உடன்படிக்கைகளையும் நடத்தியே தலை நரைத்தது. பாடப்புத்தகத்தில் கிரேக்கச் சிற்பத்துக்கு அரைப் பக்கம் இருக்கும். பரீட்சைக்கு வராது என்று மற்ற டீச்சர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். ஜானு தாண்ட மாட்டாள். "ரிட்டயர் ஆனதும் இதையெல்லாம் உக்காந்து படிக்கப்போறேன், பாருங்கோ" என்பாள் கணவர் ஸ்ரீரங்கனிடம். குழந்தை இல்லாத வீடு. அவள் பேச்சும் அவர் கேட்பதுமாகவே அது நிறைந்திருந்தது.

ரிட்டயர் ஆன கொஞ்ச காலத்திலேயே மறதி தொடங்கியது. தண்ணீர் ஊற்றாமல் குக்கரை அடுப்பில் ஏற்றினாள். மந்தைவெளியில், குடியிருக்கும் தெருவிலேயே நின்றுகொண்டு, வீட்டுக்கு எப்படிப் போவது என்று பூக்காரியிடம் கேட்டாள். அடையாறில் நரம்பு டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "இது குணமாகற வியாதி இல்ல சார். கூடிக்கிட்டேதான் போகும். மனசுக்குப் பிடிச்சது ஏதாவது இருந்தா இப்பவே செய்யட்டும்" என்றார்.

திரும்பும்போது ஆட்டோ பிடித்தார்கள். ஆற்றுப் பாலம் தாண்டிய பிறகு ஜானுதான் ஆரம்பித்தாள்.

"லஸ் பக்கத்துல சனிக்கிழமை கிளாஸ் ஒண்ணு நடக்கறதாம். மேல்நாட்டுக் கலை வரலாறு. சேர்ந்துடட்டுமா?"

"இப்போ எதுக்கு ஜானு?"

"மறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவையாவது தெரிஞ்சுண்டுடறேனே."

இருவர் பெயரையும் கொடுத்துச் சேர்ந்தார்கள். முதல் பாகம் குகை ஓவியத்தில் தொடங்கி இடைக்காலத் தேவாலயங்களோடு முடியும். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் இரண்டாம் பாகத்தில். பாடம் எடுத்தவள் அன்புக்கரசி, கலைக் கல்லூரியில் வேலை பார்க்கும் இளம்பெண். மாணவர்களில் பாதிப் பேர் கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகள். இன்சூரன்ஸ் கம்பெனியில் காலம் தள்ளிய ஸ்ரீரங்கனுக்கு இதிலெல்லாம் ருசி கிடையாது. ஏசி ஹாலில் ஒரு தூக்கம் போடலாம் என்றுதான் போனார்.

முதல் நாள் விளக்கை அணைத்துத் திரையில் குகைச் சுவரின் குதிரைகளைக் காட்டினார்கள். ஜானு கை தூக்கினாள். "வெளிச்சமே வராத இடத்துல போய் எதுக்கும்மா வரைஞ்சா?"

"நிறையப் பேர் நிறையச் சொல்றாங்க மேடம். நிச்சயமா யாருக்கும் தெரியாது."

வீட்டுக்கு நடந்து வரும்போது ஜானுவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "இத்தனை வருஷம் கிளாஸ் எடுத்தேனே, 'தெரியாது'ன்னு ஒரு நாள் சொல்லியிருப்பேனா? அந்தப் பொண்ணு எவ்வளவு அழகாச் சொல்றது!" ஸ்ரீரங்கனும் அன்று தூங்கவில்லை.

எகிப்தின் கல்லறைச் சுவர்கள் வந்தன. பிறகு கிரேக்கம். ஒரு கல்லறைக் கல்லில், இறந்துபோனவள் நாற்காலியில் உட்கார்ந்து பெட்டியிலிருந்து நகை எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பதைச் செதுக்கியிருந்தார்கள். ஜானு இருட்டில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தேளா? வியாதியைச் செதுக்கலை. ஒரு சாதாரண நாளைச் செதுக்கியிருக்கா." பிறகு, "என்னையும் கட்டில்ல கிடக்கற மாதிரி ஞாபகம் வெச்சுக்காதீங்கோ" என்றாள்.

ஸ்ரீரங்கன் அவள் கையை இறுக்கிக்கொண்டார். திரை மங்கலாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவள் கேட்ட கேள்வியையே மறுபடி மறுபடி கேட்கலானாள். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அன்புக்கரசி மட்டும் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை கேட்பதுபோலவே நின்று பதில் சொன்னாள்.

ரோமானியர் பாடத்தன்று ஸ்ரீரங்கன் தம்மை மறந்து உட்கார்ந்திருந்தார். சுருக்கமும் தொங்கிய கன்னமுமாக, கொஞ்சமும் மெருகேற்றாத கிழவர்களின் கல் முகங்கள். விளக்கு போட்டபோது பக்கத்து நாற்காலி காலி. ஹால், மாடிப்படி, தெரு, கோயில் குளக்கரை, எங்கும் ஜானு இல்லை. போலீஸ் ஸ்டேஷன் படி ஏறும்போது தி.நகரிலிருந்து போன் வந்தது. பள்ளிக்கூட வாட்ச்மேன். பஸ் பிடித்துப் பழைய பள்ளி வாசலுக்கே போய்விட்டிருக்கிறாள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது வாட்ச்மேனின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "வந்துட்டேளா? கேட்டைத் திறக்கச் சொல்லுங்கோ. டென்த் பி காத்துண்டிருக்கும்."

அடுத்து பைசாந்தியம், கிழக்கு ரோமப் பேரரசின் கலை. பொன்பதித்த சுவரில் ராணியும் தோழிகளும் பெரிய கண்களால் நேரே பார்த்து நின்றார்கள். ஜானு திரும்பி ஸ்ரீரங்கனைப் பார்த்தாள். "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்து உக்காரேளா?"

அவர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் முன்பின் தெரியாதவரோடு ஆட்டோவில் ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தாள். அன்புக்கரசி கூடவே ஏறி வந்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். அதுதான் ஜானு போன கடைசி வகுப்பு.

பார்த்துக்கொள்ள சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து செண்பகம் வந்தாள். அடுத்த சனிக்கிழமை ஸ்ரீரங்கன் வெறுமனே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னா சார், கிளாசுக்குப் போலியா? நீ இப்டி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கினு குந்திருந்தா அம்மாவுக்கு சரியாயிடுமா? நான் பாத்துக்கறேன், போய்ட்டு வா" என்று விரட்டினாள்.

அவர் தனியாகப் போனார். துறவிகள் ஆயுளெல்லாம் உட்கார்ந்து எழுதி வண்ணம் தீட்டிய ஏடுகளைப் பார்த்தார். தேவாலயங்களில் வட்ட வளைவுகள் கூர் வளைவுகளானதைப் பார்த்தார். இருட்டில் அழுதால் யாருக்கும் தெரியவில்லை.

கடைசி வகுப்பு தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடி. வீடு திரும்பியபோது ஜானு சாப்பாட்டு மேஜையில் இருந்தாள். "யார் நீங்க?"

"அந்த சனிக்கிழமை கிளாஸ்ல படிக்கறேன்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா! உக்காருங்கோ. இன்னிக்கு என்ன பாடம்?"

அவர் சொன்னார். கல் சுவரை மெலிதாக்கி, பாரத்தை வெளித் தூண்களுக்கு மாற்றிவிட்டு, அந்த இடமெல்லாம் கண்ணாடி வைத்ததை. எழுத்துத் தெரியாத ஜனங்கள் அந்தக் கண்ணாடியில் கதை படித்ததை. ஜானு தலையாட்டிக் கேட்டாள்.

"நன்னாப் புரிஞ்சுண்டிருக்கேள். ஆத்துல யாரெல்லாம் இருக்கா?"

"நானும் என் ஆம்படையாளும்தான்."

"அவ கிளாசுக்கு வரதில்லையா?"

"வந்துண்டிருந்தா. இப்போ உடம்பு சரியில்லை."

"அடடா. அவளுக்கும் போய் இதே மாதிரி சொல்லுங்கோ. பாவம், ஆசையா இருக்கும்."

சமையலறை வாசலில் செண்பகம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஸ்ரீரங்கன், "சொல்றேன்" என்றார்.

ஜூனில் இரண்டாம் பாகம் ஆரம்பிக்கிறது என்று அன்புக்கரசி போன் செய்தாள். ஜானுவுக்குச் சொல்ல இதுவே போதும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்த மழைக்காலத்தில் ஜானு நிமோனியாவில் போனாள்.