போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்

ஊர்ச்செய்தி வலைப்பதிவு எழுதுகிறவருக்கு நல்ல நாளில் வாசகர் கிடைக்கமாட்டார்; ஊர் தலைகீழாகப் புரண்டால் வரிசையில் வந்து நிற்பார்கள். உங்களில் யாராவது தெரு வாட்ஸப் குழுவுக்கு அட்மினாக இருந்து, "கரண்ட் எப்ப வரும்?" என்ற கேள்விக்கு மின்வாரியத்தின் சார்பில் திட்டு வாங்கியிருந்தால், நீங்கள் என் இனம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஸ்ரீரங்கத்துப் பெண். திருச்சியில் பி.எஸ்சி. புள்ளியியல், இரண்டாம் வருஷம். புயலுக்கு முன்னால் என் வலைப்பதிவில் வந்த செய்திகள் இப்படி இருக்கும்: எங்கள் தெருப் பள்ளத்துக்கு இன்றோடு ஒரு வயது, எந்த டவுன் பஸ் எத்தனை மணிக்கு வராது, எந்தக் கடையில் போளி சூடாகக் கிடைக்கும். வாசகர்கள் மொத்தம் நாற்பது பேர். அதில் முப்பது பேர் என் வகுப்பு. மிரட்டித்தான் படிக்க வைத்தேன்.

அப்புறம் அந்தப் புயல் வந்தது. வழக்கம்போல் கடலோரத்தோடு போய்விடும், நமக்கு இரண்டு நாள் லீவு கிடைக்கும் என்று சந்தோஷமாக இருந்தேன். விடிந்தபோது தெருவுக்குத் தெரு மரம் விழுந்து கிடந்தது. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, போன் டவர் இல்லை. காவிரிப் பாலத்தின் நடுவில் மட்டும் ஏனோ இரண்டு கோடு சிக்னல் கிடைத்தது. நானும் என் வகுப்புத் தோழி ஷபானாவும் அவள் ஸ்கூட்டியில் சந்து பொந்தெல்லாம் சுற்றிக் குறிப்பெடுத்து, பாலத்தில் வந்து நின்று பதிவேற்றினோம். அன்று மத்தியானம் ஏதோ வேகத்தில் கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "வெளியூரில், வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்க வீட்டு முகவரி அனுப்புங்க. போய்ப் பார்த்துட்டுச் சொல்றேன்." நாங்கள் பாலத்தைவிட்டு இறங்குவதற்குள் நூறு முகவரி வந்துவிட்டது. வண்டியில் பெட்ரோல் அரை டேங்க் இருந்தது.

முதல் முகவரி

முதலில் பேசியவர் செல்வம். அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் வெல்டராக இருந்து, இப்போது குவைத்தில் அதே வேலை பார்க்கிறார். அவர் மனைவி தனலட்சுமிக்கு ஒன்பதாம் மாதம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். அந்த ஊர் உப்பிலியபுரம் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் இருக்கிறது. புயலுக்கு முந்தைய நாள் சாயங்காலம் பேசியதுதான். அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எந்த நம்பருக்கும் மணி அடிக்கவில்லை.

உப்பிலியபுரம் என்றதும் நான் வண்டியின் பெட்ரோல் முள்ளைப் பார்த்தேன். ஸ்கூட்டியில் போகிற தூரமா அது? துறையூரோடு ரோடு அடைத்துக் கிடப்பதாக ஒரு லாரி டிரைவர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்று உலகத்துக்கே எழுதியவள், எதுவரைக்கும் என்று எழுத மறந்துவிட்டேன். அவரிடம் அதைச் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவாயில்லைங்க, வழி எப்ப திறக்குதோ அப்பப் போங்க. நான் போனைக் கையிலயேதான் வச்சிருக்கேன்" என்றார்.

ஹாலில் பன்னிரண்டு பேர்

பெங்களூரிலிருந்து ஒருவர் வடக்குச் சித்திரை வீதி முகவரி கொடுத்தார். அம்மா தனியாக இருக்கிறாள், பயந்த சுபாவம், ஆசார அனுஷ்டானம் ஜாஸ்தி, புயல் வந்ததிலிருந்து சாப்பிட்டாளோ இல்லையோ என்று அழாத குறையாகச் சொன்னார். நாங்கள் போனபோது கதவு திறந்தே இருந்தது. வெங்காயமே நுழையாத அந்த வீட்டின் முற்றத்தில், யாரோ ஒரு பெண் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். ஹால் முழுக்க ஜமுக்காளம், அதன் மேல் குழந்தைகள். கொள்ளிடக் கரையில் குடிசை பறிபோன மூன்று குடும்பங்கள். பயந்த சுபாவக்கார மாமி மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு, கிணற்றிலிருந்து குடம் குடமாக இறைத்து அவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் வேற்று மனிதர் கை பட்டால் செம்பைக் கழுவி வைக்கிற வீடுகள் உண்டு. நான் வளர்ந்ததே அப்படி ஒரு வீட்டில்தான். மகனுக்கு அனுப்ப ஒரு போட்டோ எடுக்கிறேன் என்றதும், மாமி என்னைப் பூஜை அறை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் யாரும் தெரியக்கூடாதாம். மகன் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டேன். "கோபமாவது, ஒண்ணாவது! பன்னண்டு பேர் இருக்கான்னு தெரிஞ்சா, ஒத்தாசை பண்றேன்னு பதிமூணாவதா அவனும் பொறப்பட்டு வந்துடுவான். அவனுக்கு யாரு சமைச்சுப் போடறது?"

ஐஸ்பெட்டி

துபாயிலிருந்து ஒரு மகள், பாலக்கரைப் பக்கம் இருக்கும் தன் வாப்பாவைப் பார்க்கச் சொன்னார். அவருக்குத் தினமும் இன்சுலின் போட வேண்டும். கரண்ட் இல்லாமல் மருந்து கெட்டிருக்கும் என்று பயம். பெரியவர் எங்களை உட்காரவைத்து டீ கொடுத்துவிட்டு, மருந்து மீன்கடையில் இருப்பதாகச் சொன்னார். வயதாகிவிட்டது, ஏதோ குழம்புகிறார் என்று நானும் ஷபானாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

மீன்கடைக்குப் போனால், காதர் பாய் என்பவர் பெரிய தெர்மாகோல் பெட்டியை மடியில் குழந்தையை வைத்திருப்பதுபோல் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே அடியில் ஐஸ். அதற்கு மேல் மடித்த துண்டு. துண்டின் மேல் வரிசையாக இன்சுலின் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் பூ நாரில் கட்டிய பெயர்ச்சீட்டு. மருந்து நேராக ஐஸில் படக்கூடாது என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டுக்கொண்டு வந்து அடுக்கினாராம். சீட்டுகளைப் படித்தேன். அப்துல், அந்தோணி, பக்கத்து அக்ரஹாரத்து ரங்கராஜன் எல்லோரும் அடுத்தடுத்துப் படுத்திருந்தார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்த ஐஸ் கம்பெனியில் கிடைத்த ஐஸ் முழுவதையும் இதற்கே போட்டுவிட்டால் வியாபாரம் என்னாவது என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன். "அறுபது வீட்டு உசுரு இதுக்குள்ள இருக்கு தங்கச்சி, வஞ்சிரத்தை நான் எங்க வைக்கிறது?"

கேட்காமல் போட்ட முகவரி

இது என் தப்பு. ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். போன் சார்ஜ் போட இடமில்லாமல் ஊரே தவித்தபோது, செல்வம் ஒரு யோசனை சொன்னார். தான் வேலை பார்த்த அரியமங்கலம் பட்டறையில் பெரிய ஜெனரேட்டர் இருக்கிறது, முதலாளி நல்ல மனுஷன், கேட்டுப் பாருங்கள் என்றார். கேட்டுப் பாருங்கள் என்பது என் காதில் ஏறவில்லை. முகவரியோடு, "இங்கே இலவசமாக சார்ஜ் போடலாம்" என்று பதிவேற்றிவிட்டு வேறு தெருவுக்குப் போய்விட்டேன். என் பதிவுக்குக் கூட்டம் வருமா என்று கனவு கண்டவள் நான். வந்தது. பட்டறை வாசலில் இருநூறு பேர்.

விஷயம் தெரிந்து, மன்னிப்புக் கேட்கும் வசனத்தை வழியெல்லாம் ஷபானாவிடம் ஒப்பித்துக்கொண்டே போனேன். உள்ளே முதலாளி பனியனோடு நின்று, இரும்புச் சட்டத்தை வெட்டி ஒட்டி அலமாரி செய்துகொண்டிருந்தார். தட்டுத்தட்டாகப் போன்கள், ஒவ்வொன்றிலும் சாக்பீஸ் நம்பர். ஆர்டர் வேலையெல்லாம் நிறுத்தி வைத்துவிட்டு ஆறு ஆட்களும் பிளக் போர்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வசனத்தை ஆரம்பித்தேன், பாதிக்கு மேல் மறந்துவிட்டது. அவர் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

யார் சொல்லி எழுதினாய் என்று கேட்டபோது செல்வத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்படியே தனலட்சுமி விஷயமும் வெளியே வந்தது. அவர் கையிலிருந்த ராடைக் கீழே வைத்துவிட்டார். அந்தக் கல்யாணத்தில் தான்தான் முன்னால் நின்றதாகச் சொன்னார். மரம் அறுக்கும் மிஷின் ஒன்று பட்டறையில் இருப்பதாகவும், மினி லாரிக்கு டீசல் கிடைத்த மறுநிமிடம் உப்பிலியபுரத்துக்குக் கிளம்பலாம் என்றும் சொன்னார். என் தப்புக்கு வாங்கிக்கொண்டது இவ்வளவுதான்: "ஏம்மா, போடறதுதான் போட்ட, ஒரு மணி நேரம் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இன்னும் நாலு போர்டு அடிச்சு வச்சிருப்பேன்ல?"

"இல்லை" என்று சொல்வது

டீசல் கிடைக்க ஒன்றரை நாள் ஆனது. தினமும் காலை பத்துக்கும் சாயங்காலம் நாலுக்கும் பாலத்தில் நின்று செல்வத்துக்கு "இன்னும் தகவல் இல்லை" என்று அனுப்புவது என் வேலை. செய்திருக்கிற வேலைகளிலேயே மோசமான வேலை அதுதான். அவரோ அந்த நேரத்தில் தன் அறையில் தங்கியிருக்கும் டெல்டாப் பக்கத்து ஆட்களின் வீட்டு விவரங்களைச் சேகரித்து, தெரு அடையாளத்தோடு அழகாக எழுதி எனக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அதில் ஐந்து வீடுகள் திருச்சிக்குள்ளேயே இருந்தன. ஐந்தையும் பார்த்துச் சொன்னோம். ஐந்து பேர் சந்தோஷப்பட்டதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் மனிதர். எனக்கு அன்று பாலத்திலேயே அழுகை வந்துவிட்டது. உங்களுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லையே அண்ணா என்று அனுப்பினேன். பதில் வந்தது. "இல்லைங்கிறதைக்கூட நேரத்துக்குச் சொல்றீங்கல்ல, அதைப் புடிச்சிக்கிட்டுத்தான் டூட்டிக்குப் போயிட்டு வரேன்."

கரும்பலகை

நான்காம் நாள் விடியற்காலையில் மினி லாரி கிளம்பியது. முதலாளி ஓட்டினார். பின்னால் மரம் அறுக்கும் மிஷினோடு இரண்டு ஆட்கள், தண்ணீர் கேன்கள், பிஸ்கட் பெட்டிகள், நான், ஷபானா. துறையூர் தாண்டியதும் வழியில் ஒரு வாழைகூட நின்றபடி இல்லை. ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர் ஜனங்களே ரோட்டில் கிடந்த மரங்களை அறுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மிஷினைப் பார்த்ததும் வழிவிட்டு, எங்களோடு சேர்ந்து தள்ளி, அடுத்த ஊர்வரை அனுப்பிவைத்தார்கள். கடைசியில் ஒரு சின்னப் பாலம் உடைந்து கிடந்தது. அங்கே லாரியை நிறுத்திவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்தோம். நல்ல செய்தி இல்லையென்றால் அதைச் செல்வத்திடம் எப்படிச் சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

ஊர் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. வராந்தாவில் வகுப்புக் கரும்பலகையைக் கொண்டுவந்து சாய்த்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில், நிறைமாத வயிற்றோடு, கையில் சாக்பீஸோடு ஒரு பெண். செல்வம் அனுப்பிய கல்யாண போட்டோவில் இருந்த அதே முகம். பலகை முழுக்கப் பொடி எழுத்து. பெயர், எப்படி இருக்கிறார், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், போன் நம்பர். "மாரிமுத்து, கால் முறிவு, மகள், திருப்பூர்." "பாப்பாத்தி, நலம், பேரன், சென்னை." யாராவது டவுனுக்குப் போக வழி கிடைத்தால் எழுதிக்கொண்டு போகட்டும் என்று முதல் நாளே ஆரம்பித்தாராம். போனும் சார்ஜும் கையில் இருந்து நான் ஒரு கூட்டத்தையே தப்பாகத் திரட்டியவள். அவர் ஒரு சாக்பீஸை வைத்துக்கொண்டு எழுபது குடும்பத்தைச் சேர்த்துப் பிடித்திருந்தார். கும்பிடலாம்போல் இருந்தது.

பலகையை மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை படித்தேன். அவர் பெயர் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். மூலையில் அழித்து எழுதியிருந்த ஒரு வரியைக் காட்டினார். "எழுத இடம் போதலைங்க. எங்க வீட்டுக்காரரு எப்படியும் ஆளைப் புடிச்சு அனுப்பிடுவாரு. இந்தக்கா வீட்டுல ஆளை அனுப்பித் தேடுறதுக்கு அப்படி யாரும் இல்ல. அதான் என் பேரை அழிச்சிட்டு அவங்க பேரைப் போட்டேன்."

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நகத்தைக் கடித்துக்கொண்டு படிப்பீர்கள்: மூன்று நாள் கழித்துத் துறையூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். அன்று தனலட்சுமியை நாற்காலியோடு தூக்கித் தண்ணீரைக் கடக்க வைக்க, ஊரே தோள் கொடுத்தது. கால் முறிந்த மாரிமுத்துவையும் ஏற்றிக்கொண்டோம். பலகையை நான் போட்டோ எடுத்தேன்; தனலட்சுமி அதை ஒரு நோட்டில் எழுதி மடியில் வைத்துக்கொண்டார். துறையூருக்குக் கொஞ்சம் முன்னால் என் போனில் ஒரு கோடு தெரிந்தது. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாம் தடவை குவைத்துக்குப் போனது. ஸ்பீக்கரில் போட்டு அவரிடம் நீட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் நல்லாருக்கேன், அசையுது. இங்க எழுபது வீட்டு நம்பர் இருக்கு, யாருக்கும் தகவல் போகலை, நீங்க அங்கேருந்தே போன் போட்டுச் சொல்லிடுறீங்களா?" என்றார். செல்வம், நான்கு நாளாகத் தூங்காத குரலில் சொன்னார்: "சொல்லு தனம், பேனா எடுத்துட்டேன்."

சிக்னல் நிலைத்து அந்தக் கரும்பலகையின் போட்டோவை நான் வலைப்பதிவில் ஏற்றியபோது, அதில் இருந்த அத்தனை வீட்டுக்கும் குவைத்திலிருந்து தகவல் போய்ச் சேர்ந்துவிட்டிருந்ததால், ஊர்ச்செய்தியை ஊருக்கே கடைசியாகச் சொன்ன நிருபர் என்ற பெருமை மட்டும் எனக்கு மிஞ்சியது.