டிவி இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போன கதை

ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசர் சேதுபதி. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது; "இன்ஸ்பெக்டர் வீடு" என்றால் உடனே கை காட்டுவார்கள். மீசைக்காக அவரை ஒரு டிவி சீரியலுக்குக் கூப்பிட்டு, பதினேழு எபிசோடு காக்கி மாட்டிவிட்டிருந்தார்கள். அதில் ஒரே போனில் கதாநாயகனை உள்ளூர் ஜெயிலிலிருந்து எங்கோ ஒரு கண்காணாத ஜெயிலுக்குத் தூக்கியடிப்பார். அவ்வளவுதான், மனுஷன் ஊருக்கே இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார். இவருக்கும் மறுக்க மனசு வரவில்லை. டீக்கடையில் எழுந்து நின்று இடம் கொடுத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

அந்த மரியாதைக்கு ஒரு நாள் வினை வந்தது. அதே கம்பெனியில் துணி மடிக்கிற பக்கத்து வீட்டு இருளம்மாள் காலையில் அழுதுகொண்டே வந்து நின்றாள். கிரிக்கெட் தகராறில் அவள் மகன் கௌதம்ராஜைப் போலீஸ் பிடித்துவிட்டது. மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். அவனுக்கு வலிப்பு நோய் உண்டு. இரண்டு வேளை மாத்திரை தவறினால் விழுந்துவிடுவான்.

"அண்ணாச்சி, ஸ்டேசன் இன்ஸ்பெக்டர் ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. பிள்ளைய எங்கயாச்சும் தூர ஊரு ஜெயில்ல போட்டுரப் போறாக. நீங்கதான் ஒரே போன்ல மாத்துவியள்லா?"

"ஏ தாயி, அது நடிப்பு..."

"நடிப்புன்னாலும் ரூல்சு தெரியாமலா நடிச்சிய?"

சேதுபதி சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினார்.

கோர்ட் வராண்டாவில் கௌதம்ராஜுக்குக் காவலாகக் கான்ஸ்டபிள் மாரிசெல்வி நின்றாள். சேதுபதியைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சார், சீரியல்ல நீங்க பண்ற அதிகாரத்துல கால்வாசி இருந்தாக்கூட எங்க இன்ஸ்பெக்டர் தரையில நடக்க மாட்டாரு." இருளம்மாள் மகனின் வலிப்பையும் தூர ஊர் ஜெயில் பயத்தையும் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள். "யக்கா, எந்த ஜெயிலுன்னு நாங்க முடிவு பண்றதில்ல. வாரண்டுல நீதிபதி அம்மா எழுதுவாக. அங்க கொண்டுபோயி ஒப்படைக்கிறதுதான் எங்க வேல. மாத்திரச் சீட்டு இருக்குல்ல? அவிய கேக்கும்போது வாயத் தொறந்து சொல்லு."

இருளம்மாளுக்கு நம்பிக்கை வரவில்லை. போலீசை வைத்துக்கொண்டு நீதிபதியிடம் பேசினால், போலீஸ்காரர்கள் அந்தக் கோபத்திலேயே மகனை வேறு ஜெயிலுக்கு மாற்றிவிடுவார்கள் என்று பயம். அப்படி ஒரு காட்சியைச் சேதுபதியே அல்லவா நடித்துக் காட்டியிருந்தார்! "நீங்க சொல்லிருங்க அண்ணாச்சி" என்று மாத்திரைச் சீட்டை அவர் கையில் திணித்தாள்.

உள்ளே பேர் கூப்பிட்டார்கள். உடம்புக்கு ஏதும் உண்டா என்று நீதிபதி கேட்டார். பையன் போலீசைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டினான். சேதுபதி எழுந்தார். பாவி மனுஷனுக்குக் கேமரா முன்னால் கர்ஜித்த தொண்டையிலிருந்து காற்றுகூட வரவில்லை. சீட்டைப் பிடித்த கை மட்டும் வெடவெடவென்று ஆடியது.

இருளம்மாள் சீட்டைப் பிடுங்கினாள். "அம்மா, இவன் பொய் சொல்லுதான்! இவனுக்கு வலிப்பு இருக்கு. மாத்திர இல்லாட்டி எம்பிள்ள செத்துருவான்!"

நீதிபதி சீட்டை வாங்கி நிதானமாகப் படித்தார். உள்ளூர்க் கிளைச் சிறையில் வைக்க வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும், மாத்திரை விடாமல் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். மாரிசெல்வி பையனை மாத்திரையோடு சிறையில் ஒப்படைத்துவிட்டு, வாசலில் காத்திருந்த தாயிடம் வந்து அதைச் சொல்லிவிட்டும் போனாள். அந்தப் போலீஸ்காரப் பிள்ளை நல்லா இருக்கட்டும்!

ஒன்பதாம் நாள் கௌதம்ராஜ் ஜாமீனில் வந்தான், ஒரு தடவைகூட விழாமல். இருளம்மாள் முதலில் மாரிசெல்வியைத் தேடிப்போய்க் கும்பிட்டாள். அப்புறம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு சேதுபதி வீட்டுக்கு வந்தாள். அவருக்குக் கூசியது.

"எனக்கெதுக்கு தாயி? நான் ஒரு வார்த்தகூடப் பேசலியே."

"நீங்க பேசிருவியன்னுதான் அண்ணாச்சி நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். உங்க கை நடுங்குனதப் பாத்த பொறவுதான், எம்பிள்ளைக்கு நான்தான் பேசணும்னு வெளங்குச்சு."

சேதுபதி இரண்டு கையாலும் அந்தப் பழத்தை வாங்கிக்கொண்டார்.